நாற்பத்து மூன்றாம் பக்கத்து வெள்ளை

என் மேசையில் ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் விரிந்து கிடக்கின்றன. ‘மாணவர் அணி விளக்கம்’, எழுதியவர் புலவர் ஏகாம்பரம், அச்சிட்ட ஊர் புதுக்கோட்டை. முதல் பதிப்பு 1957, இரண்டாம் பதிப்பு 1959. உவமை என்றால் என்ன, உருவகம் என்றால் என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் சின்னப் புத்தகம். முதல் பதிப்பின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக நான்கு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் அதே பக்கத்தில் ‘எடுத்துக்காட்டு:’ என்று போட்டு, அதன் கீழே நான்கு வரி அளவுக்கு வெறும் வெள்ளை.

அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வெள்ளைக்குக் காரணம் தேடி அறந்தாங்கிக்குப் போய் அழகியம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குக் கோபம் தணியவே இல்லை. அந்த நான்கு வரி அவருடைய அப்பா பெரியண்ணன் எழுதியது. அந்த வெள்ளையும் அவர் விட்டதுதான்.

பெரியண்ணன் குடுமியான்மலைக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா கல் உடைத்தார். சமஸ்தானம் முடிந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த 1948ஆம் வருஷம், பத்தொன்பது வயதில், கீழராஜவீதிக்குப் பின்னால் இருந்த குமரப்பனின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தார். குமரப்பன் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். சமஸ்தான ஆர்டர்கள் நின்றுபோனதும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பிறகு பள்ளிக்கூடப் புத்தகம் என்று திரும்பியவர்.

அந்த முதலாளி கடைசிவரை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தன்னைவிட இருபது வயது இளையவனை, சம்பளத்துக்கு நிற்கிறவனை, எப்படி ‘பெரியண்ணன்’ என்று வாய் நிறையக் கூப்பிடுவது? “ஏப்பா கம்பாசிட்டர்” என்பார். பதினொரு வருஷமும் அதுதான் அவருக்குப் பேர்.

கம்பாசிட்டர் வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. எதிரில் சாய்வாக ஒரு பெரிய மரத்தட்டு. அதில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஓர் எழுத்து, ஈயத்தில், கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிய எழுத்து. இடது கையில் இரும்பு ஸ்டிக். வலது கை அறைக்கு அறை ஓடி எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் அடுக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். முப்பது வயதாவதற்குள் பெரியண்ணனுக்கு வலது காலில் நரம்பு சுருண்டு வீங்கிவிட்டது. அச்சகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒருவர்தான்: புரூப் ரீடர் சொக்கநாதன். ஜன்னலோரம் அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி.

யாரும் கற்றுக்கொடுக்காமல் பெரியண்ணன் பாட்டைக் கற்றுக்கொண்ட விதத்தை அழகியம்மாதான் சொன்னார். எதுகை அவர் காதுக்கு வருவதற்கு முன்னால் கைக்கு வந்திருக்கிறது. பாட்டைக் கோக்கும்போது ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது எழுத்துக்குக் கை அதே அறைக்குப் போகிறதே என்று கவனித்திருக்கிறார். உரைநடையில் அப்படிப் போவதில்லை. ஏன் என்று சொக்கநாதனைக் கேட்டதற்கு, “அதுக்குப் பேரு எதுகை. நீ வேலையப் பாரு” என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவருக்கு.

1957 வைகாசியில் புலவர் ஏகாம்பரத்தின் கையெழுத்துப் பிரதி வந்தது. புலவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வேலை. பெரியண்ணன் அதைக் கோத்த இரண்டு மாதமும் அச்சகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையில் கோத்த விளக்கத்தை மத்தியானம் எல்லார் பேச்சிலும் தேடுவார்.

டிரெடில் மெஷினைக் காலால் மிதித்து ஓட்டும் மரியசெல்வத்துக்கு இதில் ஒரே குஷி.

“ஏம்பா பெரியண்ணா, என் மெஷினு கெழட்டு மாடு மாரி மூச்சு வாங்குதுன்னா அது என்னாது?”

“உவமை.”

“அந்த மாடு இன்னைக்கிப் படுத்துருச்சுப்பான்னு சொன்னா?”

“மெஷினையே மாடாக்கிப்புட்டீக. உருவகம்.”

“மொதலாளி எங்கிட்ட லச்சம் தடவ சொல்லிட்டேங்கிறாரே?”

“அது உயர்வு நவிற்சி. ரெண்டு தடவ சொல்லிருப்பாரு.”

அச்சான தாள்களை மடித்துத் தைக்கிற ராக்காயி ஊசியைத் தாளிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: “இந்த மரியசெல்வம் அண்ணன் மொகத்துல முழிக்க மாட்டேன்னுதான் மானம் இங்கிட்டு வராம திருச்சிப் பக்கம் பேஞ்சுக்கிட்டிருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணன் சிரிக்கவில்லை, கையில் ஸ்டிக்கோடு அப்படியே நின்றார்.

“ராக்காயி, நீ இப்ப சொன்னியே, அதான் தற்குறிப்பேற்றம்.”

“எதையும் ஏத்தல சாமி, ஆள விடுங்க.”

“இல்லம்மா. மழ அதுபாட்டுக்கு அங்கிட்டுப் பெய்யிது. நீயா ஒரு காரணத்த அது மேல ஏத்திப்புட்ட. நேத்துத்தான் கோத்தேன்.”

புலவர் நாலு பக்கம் எழுதி விளக்கியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பட்டம் வாங்கியவர்கள்கூட இவ்வளவு எளிதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்த நாற்பத்து மூன்றாம் பக்கம். கையெழுத்துப் பிரதியில் தற்குறிப்பேற்ற அணிக்கு விளக்கம் மட்டும் இருந்தது. எடுத்துக்காட்டு என்று எழுதி, ‘பின்னர் தரப்படும்’ என்று விட்டிருந்தார் புலவர். இப்படி இடம் விட்டால் கம்பாசிட்டர்கள் எழுத்தைத் தலைகீழாக, அதன் அடிப்பக்கம் மேலே வரும்படி, செருகி வைப்பார்கள். புரூப்பில் அந்த இடம் கறுப்புக் கறுப்பாகக் கட்டம் விழும். எழுதியவர் கண்ணில் படும், விட்டதை எழுதி அனுப்புவார். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் அப்படி ஒரு புரூப்பைப் பார்த்த குமரப்பன், “என்னய்யா இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி? ஏதாச்சும் எழுத்தப் போட்டு நெரப்பி அனுப்புங்க” என்று கத்தியிருந்தார்.

பெரியண்ணன் நிரப்பினார்.

கரைகாய்ந்து வாய்பிளந்த கண்மாயைக் காணாமல்
விரைந்தோடிப் போகிறதே விராலிமலை மேகம்;
சென்றாண்டு பொய்த்ததனைச் சிந்தித்து நாணியதோ
குன்றின்பின் முகமறைத்துக் கூசிக் கடக்கிறதே.

தாளில் எழுதிப் பார்க்கவில்லை. நேராக ஸ்டிக்கில், ஈய எழுத்தில், வலமிடம் திரும்பியபடியே எழுதினார். அவர் ஊர்க் கண்மாய் அது. ஒவ்வொரு ஆவணியிலும் மேற்கே விராலிமலைப் பக்கம் கறுத்துத் திரளும் மேகம் அவர் ஊரைத் தாண்டிக்கொண்டு போகும். சின்ன வயதிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்து அலுத்த ஒருத்தர் எழுதிய பாட்டு.

புலவர் புரூப்பைத் திருத்தி அனுப்பினார். அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இது யாருடையது? நன்று. இருக்கட்டும்.’

பெரியண்ணன் அதை மரியசெல்வத்திடம் காட்டினார், ராக்காயியிடம் காட்டினார், பக்கத்துத் தட்டில் நின்ற இன்னொரு கம்பாசிட்டர் சந்தனத்திடம் காட்டினார். நேராகப் புலவரிடம் சொல்லக் கூச்சம். சொக்கநாதன் மூலம் சொல்லி அனுப்பினார். “சொல்லிட்டேன்” என்றார் சொக்கநாதன். அந்தப் புரூப் தாளைப் பெரியண்ணன் தன் தட்டுக்கு மேலே இருந்த கம்பியில் குத்தி வைத்தார்.

முன்னுரையைக் கடைசியாகக் கோப்பதுதான் அச்சகத்து வழக்கம். மற்றப் பக்கங்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் புலவரின் முன்னுரை வந்தது. அதில் ஒரு வாக்கியம்: ‘இந்நூலில் ஆசிரியர் பெயர் சுட்டப்படாத பாடல்கள் யாவும் யான் இயற்றியவை.’ நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் பாட்டுக்கு யார் பெயரும் சுட்டப்படவில்லை. அந்த வாக்கியத்தையும் பெரியண்ணன்தான் கோத்தார். தன் வரியை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கும் வாக்கியத்தைத் தன் கையாலேயே, எழுத்தெழுத்தாகப் பொறுக்கி. 

முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

“மொதலாளி, நாப்பத்து மூணாம் பக்கத்துப் பாட்டு நான் எழுதுனதுங்க. புலவர் மறந்துட்டாரு போல. ‘ஒன்று நீங்கலாக’ன்னு ஒரு சொல்லு சேத்தாப் போதுமுங்க.”

“ஏப்பா கம்பாசிட்டர், பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. இப்ப வந்து பாட்டு கீட்டுன்னுக்கிட்டு. பாரத்த மெஷின்ல ஏத்தச் சொல்லு.”

புத்தகம் நன்றாகப் போயிற்று. அந்தப் பாட்டுத்தான் எல்லோருக்கும் பிடித்தது. மற்றவை எல்லாம் நிலா முகம், தாமரைக் கண் என்று போக, இதில் மட்டும் பிள்ளைகள் தினம் பார்க்கிற கண்மாய் இருந்தது. பரீட்சைத் தாள்களில் அதையே எழுதினார்கள். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் புலவரை மேடையில் உட்காரவைத்து அந்த நான்கு வரியைப் படித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த விழா நோட்டீஸைக் கோத்ததும் பெரியண்ணன்தான். எந்தக் கண்மாய் என்று புலவரை ஒருத்தராவது கேட்டிருக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் குளம் என்பார்கள், ஏரி என்பார்கள். கண்மாய் என்ற சொல்லே அந்தப் பக்கத்து வாயில் வராது.

இரண்டு வருஷம் போயிற்று. 1959 மாசியில் சொக்கநாதனுக்குக் கண் மங்கி வேலையை விட்டார். நாற்காலி காலியானது. மரியசெல்வமும் சந்தனமும் போய்ச் சொன்னதன் பேரில், பெரியண்ணனைச் சோதித்துப் பார்க்கக் குமரப்பன் ஒப்புக்கொண்டார். சோதிக்கிறவர் யார்? புலவர் ஏகாம்பரம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. புலவர் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து நின்றார். டிரெடில் ஓடவில்லை. ராக்காயி தாள் மடிப்பதுபோல ஒரே தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“உவமைக்கும் உருவகத்துக்கும் என்னப்பா வித்தியாசம்?”

“இது அது மாதிரி இருக்குன்னா உவமைங்க. இதுதான் அதுன்னு அடிச்சுச் சொன்னா உருவகமுங்க.”

“உயர்வு நவிற்சிக்கு ஒண்ணு சொல்லு.”

“எங்க மெஷினு சத்தத்துல திருமயம் கோட்டச் செவரு விரிசல் விட்ருச்சுங்க.”

மரியசெல்வம் மெஷினுக்குப் பின்னால் இருமினார். புலவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பரவாயில்லியே. தற்குறிப்பேற்றம்?”

பெரியண்ணன் நான்கு வரியையும் சொன்னார். நிறுத்தி, நிதானமாக, கடைசி வரியில் குரல் லேசாக இறங்கியது.

“நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கே,” என்றார் புலவர். “என் பாட்டு உனக்கும் பிடிச்சிருக்கு.”

“அது நான் எழுதுனதுங்கய்யா.”

“நீ அச்சுக் கோத்தது. எழுதினது நான்.”

“இல்லிங்கய்யா. நீங்க எடம் விட்டிருந்தீங்க. நான்தான் எழுதி நெரப்புனேன். யாருடையதுன்னு நீங்களே கேட்டு எழுதியிருக்கீங்க.”

புலவர் முகம் கறுத்தது. குமரப்பன் பக்கம் திரும்பினார். “என்ன செட்டியார்வாள், பரீட்சைக்குன்னு கூப்பிட்டு என்னை அவமானப்படுத்தவா? அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் எதுகை மோனை தெரிஞ்சு பாட்டு எழுதறானாம். நாளைக்கு ராமாயணமே நான் எழுதினதுதான்னுவான்.”

பெரியண்ணன் திரும்பி நடந்தார். தன் தட்டுக்குப் போய், மேலே இருந்த கம்பியிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். இரண்டு வருஷத்துத் தாள்கள். அடியிலிருந்து அந்தப் புரூப்பை எடுத்துவந்து முதலாளி கையில் கொடுத்தார்.

குமரப்பன் படித்தார். பென்சில் எழுத்து மங்கவில்லை. ‘இது யாருடையது? நன்று. இருக்கட்டும்.’ மறுபடி படித்தார். புலவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுகிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நியாயம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன், அழகியம்மா சொல்லிக்கொண்டு வந்தபோது. ஆதாரம் கையில் இருக்கிறது, படித்தவர் முதலாளி. இன்னும் என்ன வேண்டும்?

குமரப்பன் பெரியண்ணனை உள்ளே கூப்பிட்டார். அன்றைக்குக் ‘கம்பாசிட்டர்’ என்றுகூடச் சொல்லவில்லையாம்.

“இந்தா பாருப்பா. ஒன்னோடதுதான். நான் இல்லேங்கல. ஆனா புலவர் பேரப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துல எடுக்குறாங்க. ஒம் பேரப் போட்டா எவன் எடுப்பான்? சாயங்காலம் புலவர் வீட்டுக்குப் போ. தெரியாம பேசிப்புட்டேன், பாட்டு ஒங்களதுதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. நாளைலேருந்து நாக்காலில உக்காரு.”

“சொல்லலேன்னா?”

“நிக்கிறவன் நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்.”

பெரியண்ணன் வீங்கிய காலைப் பார்த்தார். “அந்தப் பாட்டு என்னோடதுன்னு நீங்களே சொல்றீங்க மொதலாளி. அப்பறம் நான் எதுக்குப் போயி அவருதுன்னு சொல்லணும்? நான் நின்னுக்கிறேன்.”

அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தட்டுக்குத் திரும்பினார். திங்கட்கிழமை நாற்காலியில் புலவரின் மைத்துனர் வந்து உட்கார்ந்தார்.

அந்த வைகாசியில் இரண்டாம் பதிப்பு. பழைய ஈய எழுத்தெல்லாம் எப்போதோ பிரித்து அறைகளில் போட்டாகிவிட்டதால் புத்தகம் முழுவதையும் புதிதாகக் கோக்க வேண்டும். பெரியண்ணன் ஒழுங்காகக் கோத்துக்கொண்டு வந்தார். நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. விளக்கத்தைக் கோத்தார். ‘எடுத்துக்காட்டு:’ என்று கோத்தார். அதன் கீழே நான்கு வரிக்கு எழுத்துகளைத் தலைகீழாகச் செருகினார்.

புரூப்பில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக் குமரப்பன் தாளோடு உள்ளே வந்தார்.

“என்னய்யா இது?”

“எடுத்துக்காட்டு வரலிங்க மொதலாளி. வழக்கமாச் செய்யிறதத்தான் செஞ்சேன்.”

“பழைய புஸ்தகத்துல இருக்கே.”

“அது என்னோடதுங்க. எடுத்துக்கிட்டேன். எம் பேரப் போடுறதா இருந்தா இப்பவே கோத்துத் தாரேன். இல்லேன்னா புலவர் அவரு பாட்ட எழுதி அனுப்பட்டும். நாலு வரிதானே.”

குமரப்பன் சந்தனத்தின் பக்கம் திரும்பினார். “நீ கோத்துக் குடுப்பா.”

சந்தனம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். “கை சுளுக்கிருச்சு மொதலாளி.”

“இப்பத்தான நோட்டீசு கோத்துக்கிட்டிருந்த?”

“அதுல கண்மாயி இல்லிங்க. கண்மாயி வந்தா சுளுக்குது.”

“கோத்துத் தந்தா நான் ஓட்டுவேன் மொதலாளி,” என்றார் மரியசெல்வம், கேட்காமலே. “ஆனா எனக்குக் கோக்கத் தெரியாது.”

ராக்காயி தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் குலுங்கியதாம்.

குமரப்பன் புலவருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்: உடனே ஓர் எடுத்துக்காட்டு வேண்டும், முன்பு போலவே உங்கள் சொந்தப் பாட்டாக. நாளை தருகிறேன் என்று பதில் வந்தது. நாளையும் போயிற்று. மைத்துனர் போய் வெறுங்கையோடு வந்தார். புலவருக்கு உடம்பு சரியில்லை என்றார். ஐந்து நாள் மெஷின் அந்தப் பக்கத்துக்காகக் காத்திருந்தது. பட்டம் வாங்கிய புலவர், அணிகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர், பெயர் சுட்டப்படாத பாடல்கள் யாவும் தான் இயற்றியவை என்று அச்சில் போட்டவர். ஒரு மேகத்துக்கு, ஒரு மரத்துக்கு, வாசலில் படுத்திருக்கிற ஒரு நாய்க்கு, அவரால் ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல முடியவில்லை. ஊசி நூலோடு ராக்காயி போகிறபோக்கில் சொன்னதை அவரால் சொல்ல முடியவில்லை.

ஆறாம் நாள் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆள் வந்துவிட்டது. எழுத்துக் கோக்கத் தெரியாத குமரப்பனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தலைகீழ் எழுத்துகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அச்சில் விழாத வெற்றுக் கட்டைகளை அந்த இடத்தில் அடைத்தார். “ஓட்டு” என்றார். மரியசெல்வம் ஓட்டினார். ஒவ்வொரு தாளிலும் அந்த நான்கு வரி வெள்ளையாக விழுந்தது.

புத்தகம் முடிந்த மறுவாரம் பெரியண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அறந்தாங்கியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்து, அங்கேயும் நின்றுகொண்டேதான் கோத்தார். பிறகு பாட்டு எழுதினாரா என்று கேட்டேன். பத்திரிகைகளுக்கு வாழ்த்துப்பா வேண்டுமென்றால் எழுதிக் கொடுப்பாராம். அதன் கீழே தாய்மாமன் பெயர் வரும், அத்தை பெயர் வரும். அதற்கு அவர் வருத்தப்பட்டதில்லையாம். கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் அல்லவா.

அழகியம்மா ஒரு தகரப் பெட்டியிலிருந்து அந்தப் புரூப் தாளை எடுத்துக் காட்டினார். நான்கு மடிப்பிலும் கிழிந்திருக்கிறது. பென்சில் எழுத்து இன்னும் படிக்க வருகிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்: “எழுத்தெல்லாம் ஒங்க கையிலதான இருந்துச்சு. அந்த எடத்துல ஒங்க பேர நீங்களே கோத்து வச்சிருக்கலாமுல்லப்பா? மெஷினு ஓடுற வரைக்கும் யாரு பாத்தா?”

பெரியண்ணன் காலை நீவிக்கொண்டே சொன்னாராம்: “யாரும் பாக்காதப்ப வைக்கிறதுக்கு அது என்ன திருட்டுச் சாமானா ஆத்தா? கேட்டாங்கள்ல யாருடையதுன்னு. பதிலு சொல்லிட்டேன். எழுதிக்க வேண்டியது அவங்க.”

இரண்டாம் பதிப்பின் என் பிரதியில் அந்த வெள்ளை அப்படியே இருக்கிறது. நேற்று மத்தியானம் பென்சிலைச் சீவி, நான்கு வரியையும் அதில் எழுதி, கீழே ‘பெரியண்ணன், கம்பாசிட்டர்’ என்று எழுதினேன். எல்லோரும் பார்க்கும்படி பட்டப்பகலில்தான் எழுதினேன்.